நள்ளிரவு விமானமும் தப்பான தேதியும்: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கவனிக்க

அம்மாப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு சான் பிரான்சிஸ்கோவில் மகள். பெங்களூரிலிருந்து போக டிக்கெட். அதில் 15-ம் தேதி, 02:10 என்று இருந்தது. 15-ம் தேதி சாயங்காலம் விளக்கேற்றி, முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டி, பெட்டியைக் காரில் ஏற்றும்போதுதான் பக்கத்து வீட்டுப் பையன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். விமானம் போய்ப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. பெரியம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

நமக்கு விடிந்தால்தான் மறுநாள். டிக்கெட்டுக்கு இரவு 12 தாண்டினாலே மறுநாள். 15-ம் தேதி 02:10 என்றால் 14-ம் தேதி சாயங்காலம் 4 மணிக்கே சேலத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலண்டரில் 14-ஐச் சுற்றி வட்டம் போடுங்கள்.

ஏன் 4 மணி? பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி இங்கிருந்து சுமார் 230 கி.மீ. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், ஒரு மணி நேரம் போச்சு. ஓசூர் தாண்டினால் பெங்களூரு நெரிசல். ஏர்போர்ட்டோ ஊருக்கு அந்தப் பக்கம், வடக்கே இருக்கிறது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். கவுண்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

அடுத்த தவறு, டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் நேராகக் கழிப்பது. சென்னையில் காலை 6-க்கு ஏறி லண்டனில் மதியம் 12-க்கு இறங்கினால் 6 மணி நேரப் பயணம் என்று நினைக்கிறார்கள். அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆக, பத்தரை மணி நேரம் உட்கார வேண்டும். குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையும் ஊசியும் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

தூரத்தை வைத்து நேரம் கணக்கிடுகிறவர்களும் உண்டு. பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ சுமார் 14,000 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். 2021-ல் ஏர் இந்தியா இந்த வழியில் நேரடி விமானம் விட்டபோது ஏறக்குறைய 17 மணி நேரம் பிடித்தது. சேலத்தில் நின்றால் ஏற்காடு கண்ணெதிரே தெரிகிறது, ஆனால் போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஆகாயத்திலும் அப்படித்தான். எதிர்க்காற்று இருக்கிறது, மூடிய வான்வழியும் இருக்கிறது. 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

சுவர் மேப்பையும் நம்ப வேண்டாம். தறி நூல் ஒன்றை உலக உருண்டையில் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடியுங்கள். நூல் கடலோடு கிழக்கே போகாமல் சைபீரியா வழியாக வடக்கே ஏறி இறங்கும். அதுதான் குறுக்கு வழி.

சேலம் ஏர்போர்ட் இருக்கும் காமலாபுரத்திலிருந்து உள்ளூர் விமானத்தில் போய், தனி டிக்கெட்டில் வெளிநாட்டு விமானம் ஏறலாம் என்று திட்டமிடுகிறவர்கள் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம், திரும்பி வரும் தேதி. சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி இரவு 9-க்கு ஏறினால், நேரடி விமானமாக இருந்தாலும் பெங்களூரில் ஞாயிறு அதிகாலைதான் இறங்குவார்கள். கூட்டி வரப் போகும் கார் சனிக்கிழமை ராத்திரி சேலத்திலிருந்து கிளம்பட்டும்.