நீலகிரி ஏரிகளுக்குச் சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் மேப்பில் ஊட்டியிலிருந்து எமரால்டு ஏரிக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் காட்டும். பைக்காரா அதைவிடக் கொஞ்சம் பக்கம். "காலையில் எமரால்டு போய்த் திரும்பி, மத்தியானம் பைக்காரா, சாயங்காலம் கூடலூரில் தோசை" என்று ஒரே நாளுக்குத் திட்டம் போட இது போதும். மொத்தம் சுமார் நூறு கிலோமீட்டர்தானே! இந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாலும் புதிதாக ஓட்டுகிறவர்கள் இல்லை. அவர்கள் பயந்துகொண்டு கொஞ்சமாகத்தான் திட்டமிடுவார்கள். சமவெளியில் சாதாரணமாக நூற்றைம்பது கிலோமீட்டர் மிதிக்கிற கைதேர்ந்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, ஏற்றக் கணக்குதான் உதவும். அதிலும் ஏரிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நீலகிரியில் நாம் ஏரி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அணைத் தேக்கங்கள். ஊட்டி ஏரியே 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கியது. பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல். எமரால்டும் அவலாஞ்சியும் கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் அணைகள். அணையைப் பள்ளத்தாக்கில்தான் கட்ட முடியும். அதனால் ஊட்டியிலிருந்து எமரால்டுக்குப் போகும்போது மொத்தத்தில் இறக்கம், காற்று முகத்தில் அடிக்க ஜாலியாகப் போய்விடலாம். ஏரியைப் பார்த்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் திரும்புகிற ஏற்றம் ஆரம்பிக்கும். போன நேரத்தை வைத்து வருகிற நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான்.

சுலபமான கணக்கு ஒன்று: சாமான்களோடு மிதிக்கிற ஒரு சராசரி ஆள் ஒரு மணி நேரத்தில் 400 மீட்டர் உயரம் ஏறினால் அது நல்ல வேகம். அதாவது 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கால் மணி நேரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஓய்வே எடுக்காமல் ஏறினாலும் ஐந்து மணி நேரம் ஆகும். ஏரிகளைச் சுற்றும் நாளுக்கும் இதே கணக்குதான். மேப்பில் மொத்த ஏற்றம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கிலோமீட்டரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் எமரால்டு ஒரு நாள், பைக்காரா வழியாகக் கூடலூர் இன்னொரு நாள்.

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதனால் முதல் நாள் ஏற்றத்தில் வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கும். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

சாமான் விஷயத்தில் எல்லோரும் தாராளம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 15 என்றால் மொத்தம் 100 கிலோ. மூட்டையில் பத்து கிலோவைக் குறைத்தால் ஏற்ற நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். சைக்கிளை இலேசாக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, மூன்று ஜீன்ஸும் ஒரு லேப்டாப்பும் கட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்ல! கியரும் அப்படித்தான். முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரம் சிறியதாக இருந்தால் மூட்டையோடு ஏறுவது முட்டிக்கு ஆகாது. இரண்டும் சமமாக, உதாரணமாக 34 பல்லுக்கு 34 பல் என்று இருப்பது நல்லது.

தண்ணீரை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒற்றை பாட்டிலோடு கிளம்புவது வெளியூர்க்காரர்களின் தவறு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, கடையில் கேட்டாலும் கிடைக்காது. சில இடங்களில் குடிநீர் ஏடிஎம்கள் உண்டு, டீக்கடையிலும் கேட்டால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்களுக்கு நடுவே தேயிலைத் தோட்டமும் காடும்தான். குளிரில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பாட்டில், கொஞ்சம் உப்பு, நாலு கடலை மிட்டாய், இரண்டு வாழைப்பழம் கைவசம் இருக்கட்டும். ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை டீயோடு சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி ஏற்றத்தைத் தொடங்காதீர்கள்.

அடுத்து, மழை. "நீலகிரியில் எந்த மாதம் மழை?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் திரும்பும், மண் சரிந்து சாலை அடைபடுவதும் அப்போது நடக்கும். அதனால் மாவட்டத்தின் பெயரை மட்டும் போட்டு வானிலை பார்க்காதீர்கள், போகிற ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தா புல்வெளியில் உறைபனி படியும். அந்த நேரத்தில் கையுறை இல்லாமல் பிரேக் பிடித்துப் பார்த்தால் விரல் வளையாது.

அனுமதி விஷயத்தையும் கடைசி நிமிடத்துக்கு விட வேண்டாம். அவலாஞ்சியில் காட்டுக்குள் சொந்த வண்டியில் போக விடுவதில்லை, வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். மேல் பவானி அணைக்கும் கட்டுப்பாடு உண்டு. சாமான்களை ஏற்றிக்கொண்டு துணைக்குக் கார் வருகிறது என்றால், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும்.

இப்போது இறக்கம். ஏற்றத்தில் ஆகிற தவறு ஆளைக் களைப்பாக்கும், இறக்கத்தில் ஆகிற தவறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பைக்காராவிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர் வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். 100 கிலோ எடை அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும், மெதுவாக இறங்கினால் மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாகச் சேரும். ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கவ்வுகிற பிரேக்) சைக்கிள் என்றால் ரிம் சுட்டு, டியூபில் காற்று விரிந்து, வெடிக்கவும் வாய்ப்புண்டு. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருவதுதான் தவறு. நேர்ப்பாதையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விடுங்கள். வளைவுக்குள்ளே போய்ப் பிரேக்கைப் பிடித்தால், அதுவும் ஈரச் சாலையில் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை கிடந்தால், டயர் வழுக்கும். நடுவில் நின்று ரிம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அனலடித்தால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

ஏறியபோது நனைந்த பனியனோடு அப்படியே இறங்கினால் நடுங்கி, பிரேக் பிடிக்கிற கையே மரத்துப்போகும். உச்சியில் நின்று சட்டை மாற்றி விண்ட்சீட்டர் போடுங்கள். அது இல்லையென்றால் டீக்கடையில் பழைய பேப்பர் ஒன்று கேட்டு வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம். சைக்கிள்காரர்கள் ரொம்பக் காலமாகச் செய்கிற வேலை இது, நன்றாகவே குளிரைத் தடுக்கும்.

தலைகுந்தாவில் வலப்பக்கம் பிரிகிற கல்லட்டிச் சாலையில், மசினகுடிக்குச் சீக்கிரம் போகலாமே என்று இறங்க நினைக்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடுமையான சரிவு. விபத்துகள் பெருகியதால் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை போட்டிருக்கிறார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு சாலையில் இருப்பது கடைசித் தவறு. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நிற்கிற காட்டெருமை சைக்கிளின் சத்தம் கேட்காமல் திடீரென்று மிரளும். அதனால் பார்த்த இடத்திலேயே நின்று, அது விலகும்வரை காத்திருங்கள். கூடலூரைத் தாண்டி முதுமலைப் பக்கம் போக நினைக்கிறவர்கள் அன்று இரவு கூடலூரிலேயே தங்கிவிடுவது நல்லது. பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. பகலிலும் அது யானைக்காடு, சைக்கிளை விடுவார்களா என்று சோதனைச்சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக் கடந்துவிடலாம்.