பவர் ஸ்டியரிங் ஊளையிடுகிறதா? பம்பை மாற்றும் முன் இந்த ஹோஸைப் பாருங்கள்

ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘உய்ங்ங்’ என்று ஓர் ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. எங்கள் பழைய இன்னோவாவில் இது தொடங்கியதும், பெங்களூரில் நான் காட்டிய ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்த உடனேயே “பம்ப் போச்சு சார்” என்றார்கள். ஆயிலை அழுத்தி அனுப்பி ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்பைத்தான் சொன்னார்கள். ஆனால் பம்ப் போகவில்லை. இன்றும் அதே பம்ப்தான் ஓடுகிறது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ததும், அல்லது வேகமாக ஒடிக்கும்போது ‘கீச்’ என்றால் பெல்ட். ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால் அந்தச் சத்தம் சட்டென்று மாறும். குழியில் இறங்கும்போது ‘டொக்’ என்றால் சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளான டை ராட், ராக் எண்ட் பக்கம் போக வேண்டும். அது வேறு வேலை. கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது மட்டும் ஒரு முனகல் வந்தால் பயப்பட வேண்டாம். அழுத்தம் மிஞ்சும்போது பம்பின் ரிலீஃப் வால்வு திறக்கும் சத்தம் அது. ஆனால் அந்த நிலையில் சில வினாடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைக்குத்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

அடுத்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பா. மட்டம் குறைந்திருந்தால் ஊற்றுங்கள், ஆனால் எந்த ஆயில் என்று மூடியிலோ கையேட்டிலோ பார்த்துவிட்டு ஊற்றுங்கள். 2005இல் இங்கே வந்த இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஹோண்டாவுக்கு அவர்களுடைய தனி ஆயில். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சீல்களைத் தின்றுவிடும், செலவு ஸ்டியரிங் பாக்ஸ் வரை போகும்.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நுரையோ, பால் கலந்தது போன்ற நிறமோ தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஜின் ஓடும்போது மட்டத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, அணைத்த பிறகு மறுபடி பாருங்கள். அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று விரிவதால் மட்டம் ஏறும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது டொயோட்டா கணக்கு.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? எல்லோரையும் ஏமாற்றும் இடம் இதுதான். கீழே ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை, அப்புறம் எப்படி லீக் என்று நினைப்போம். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் ரப்பர் இறுகி, கிளிப் தளர்ந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ரா ஓட்டையானால் ஜூஸ் சிந்தாமல் காற்று மட்டும் வாய்க்கு வருமே, அதே கதை. உற்றுப் பார்த்தால் கிளிப்பைச் சுற்றி ஈரப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம்.

உறுதி செய்ய, இன்ஜினை அணைத்துவிட்டு அந்த இணைப்புகளைச் சுற்றி கெட்டியான கிரீஸை அப்புங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஊளை குறைந்தால் திருடன் அகப்பட்டான். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கையையோ துண்டையோ கொண்டுபோகாதீர்கள்.

சரிசெய்வது எளிது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் டப்பாவில் உள்ள ஆயிலை உறிஞ்சி எடுங்கள். இதற்கென்று விற்கும் உறிஞ்சு பம்பு எல்லாம் வீண் செலவு. ஹோஸைக் கழற்றி நுனியை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள். பெங்களூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், காரை அங்கே நிறுத்த இடம் தேடுவதைவிட கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடப்பது மேல். ஆயில் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் ஆயிலில் ஊதிப்போகும். கிளிப்பும் புதிதாகவே இருக்கட்டும். பம்பின் நுழைவாயிலில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் ஆயிலில் நனைத்து மாற்றிவிடுங்கள், சில வண்டிகளில் உண்மையான குற்றவாளி அதுதான். சில டப்பாக்களின் அடியில் ஒரு வலை இருக்கும். அது அடைத்திருந்தாலும் பம்ப் இப்படித்தான் ஊளையிடும்.

அடுத்து உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். இப்படி ஏர் எடுக்கும்போதுதான் பொறுமை வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுங்கள். புது ஆயிலை ஊற்றுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக ஒடித்துக்கொண்டே இருங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் எல்லாவற்றையும் கடைந்து நுரையாக்கிவிடும். அப்படி ஆனால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இத்தனைக்கும் பிறகு ஊளை அப்படியே இருந்தால், அப்போது பம்பைச் சந்தேகப்படலாம்.

பின்சேர்க்கை: ஸ்விஃப்ட், ஐ10 வைத்திருக்கும் சிலர் “ஆயில் டப்பாவே காணோமே” என்று கேட்டிருந்தார்கள். அவற்றில் எலெக்ட்ரிக் ஸ்டியரிங், ஆயிலே கிடையாது.

இன்னொருவர் பழைய ஆயிலை என்ன செய்வது என்று கேட்டார். சாக்கடையில் கொட்டாதீர்கள். பாட்டிலில் மூடி, ஆயில் மாற்றும் ஒர்க்ஷாப்பில் கழிவு ஆயில் பீப்பாயில் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.