இரண்டாவது வன்தட்டு சும்மா கிடக்கிறதா?

திருகோணமலை மத்திய வீதியில் தட்டச்சு வேலை செய்யும் தங்கை ஒருத்தியின் பழைய கணினி, பெரிய படமொன்றைத் திறந்தாலே திணறியது. உள்ளேயோ இரண்டாவது வன்தட்டு ஒன்று வெறுமையாகக் கிடந்தது!

ராம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) போதாதபோது விண்டோஸ் வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்துகிறது. அதுவே மெய்நிகர் நினைவகம். இயங்குதளமும் அதுவும் ஒரே தட்டில் இருந்தால், வாசிக்கும் முனை இரண்டுக்கும் இடையே அலைய வேண்டியிருக்கிறது. அதனால் அதை மற்றத் தட்டுக்கு மாற்றுங்கள். சிஸ்டம் அமைப்புகளில் 'பெர்ஃபாமன்ஸ்', பிறகு 'அட்வான்ஸ்ட்', அங்கே 'விர்ச்சுவல் மெமரி'. தானியங்கித் தெரிவை நீக்கி, இரண்டாவது தட்டில் 'சிஸ்டம் மேனேஜ்ட் சைஸ்' கொடுத்து, 'செட்' அழுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இயங்குதளம் இருக்கும் சி தட்டிலும் 1024 மெகாபைட்டாவது மெய்நிகர் நினைவகத்துக்கு விட்டுவையுங்கள். கணினி முடங்கி நீலத்திரை வந்தால் அதன் காரணத்தை விண்டோஸ் வழக்கமாக அங்கேதான் பதிகிறது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: ஒரே தட்டைப் பிரித்து டி என்று பெயரிட்டிருந்தால் இதனால் பயனில்லை. யூஎஸ்பி தட்டு வேண்டவே வேண்டாம். சி தட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத சேமிப்பகம்) என்றால் எதையும் மாற்றாதீர்கள், அதுவே வேகமானது. கையில் காசிருந்தால் முதலில் ராமைக் கூட்டுங்கள்.