எகிப்துப் பொருள்களைப் பார்த்ததும் நாம் அவசரப்படும் இடங்கள்

பண்டைய எகிப்துக்காரர்களுக்குச் சாவைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பொருள்களெல்லாம் எங்கிருந்து கிடைத்தன என்று கேளுங்கள். கல்லறைகளை வறண்ட பாலைவன ஓரத்தில் அமைத்தார்கள், அவை தப்பின. நைல் கரையில் சுடாத மண்கல்லால் கட்டிய வீடுகள் கரைந்துபோக, அதே மேட்டில் அடுத்த ஊர் எழுந்துவிட்டது. மிஞ்சியதை மட்டும் பார்த்தால் யாருமே சாவுப் பித்தர்களாகத்தான் தெரிவார்கள்.

‘பூனையைக் கும்பிட்டவர்கள்’ என்பது இன்னொரு அவசர முடிவு. பூனை, பாஸ்டெட் என்ற பெண்தெய்வத்துக்கு உரிய பிராணி. பிற்காலத்தில் கோயிலுக்கு வருபவர்கள் பூனை மம்மியைக் காணிக்கையாகச் செலுத்தினார்கள், ஏறக்குறைய நம் ஊர் நேர்த்திக்கடன் மாதிரி. அதற்காகவே பூனைகளை வளர்த்தார்கள், எக்ஸ்ரேயில் பார்த்தால் பல குட்டிகளின் கழுத்து முறிக்கப்பட்டிருக்கிறது. மான்செஸ்டரில் 800-க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்த முடிவுகள் 2015-இல் வெளிவந்தன: சுமார் மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை, சேறும் நாணலும்தான். உடனே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான், அந்தப் பிராணியோடு தொடர்புள்ள எதுவுமே புனிதம் என்று நினைத்திருக்கலாம்.

கல்லறையில் வைத்த உஷப்தி எனும் சின்னப் பொம்மைகளைப் பார்த்து, ‘உயிரோடு வேலைக்காரர்களைப் புதைத்ததற்கு மாற்று’ என்று எழுதுகிறார்கள். அபிதோஸ் என்ற பழைய ஊரில், எகிப்தின் முதல் வம்ச அரசர்களின் கல்லறைகளைச் சுற்றிப் பரிவாரத்தினரின் குழிகள் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த வழக்கம் ஒழிந்து பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் உஷப்தியே வருகிறது. அதன் மேல் எழுதியிருக்கும் மந்திரத்தைப் பாருங்கள்: மறுவுலகில் வயல் வேலைக்கு இறந்தவரைக் கூப்பிட்டால், ‘இதோ நான் இருக்கிறேன்’ என்று பொம்மை பதில் சொல்ல வேண்டும். துட்டன்காமுன் என்ற அரசருக்கு 413 உஷப்திகள், அதாவது நாளுக்கு ஒன்றாக 365, அவற்றை மேய்க்க 36 மேற்பார்வையாளர்கள், அப்புறம் மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். சொர்க்கத்திலும் ஏர்வேலை உண்டு, ராஜாவானாலும் தப்ப முடியாது, ஆள் வைத்துத்தான் தப்பிக்க வேண்டும் என்று நம்பியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை இது.

(துட்டன்காமுன் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்ற கதையா? அதைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார், விடுங்கள்.)

மறுவுலகத் தீர்ப்பில் இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைக்கும் படத்தைக் காட்டி, நீதிக்கு அஞ்சியவர்கள் என்று மட்டும் சொல்வதும் பாதிக் கதைதான். இறந்தவரின் மம்மியின் மார்பில் ஒரு கல் வண்டையும் வைத்தார்கள். ‘என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே’ என்பதுதான் அதில் பொறித்திருக்கும் மந்திரத்தின் சாரம். பயமும் இருந்தது, முன்ஜாமீனும் இருந்தது.

கடைசியாக, 3000 ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். உள்ளுறுப்புகள் வைக்கும் ஜாடி என்றதும் குரங்கு, நரி, பருந்துத் தலை மூடிகள்தான் ஞாபகம் வரும், ஆனால் துட்டன்காமுன் காலம்வரை பெரும்பாலும் மனிதத் தலைதான். அருங்காட்சியகத்தில் பொருளைப் பார்க்கும்முன் காலமும் கிடைத்த இடமும் எழுதிய அட்டையைப் படியுங்கள். இடம் போடவில்லையென்றால் பெரும்பாலும் யாரோ சந்தையில் வாங்கியது, அதை வைத்துப் பெரிய கதை கட்ட வேண்டாம்.