கொலஸ்ட்ரால் மாத்திரைகளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) ரிப்போர்ட் வந்ததும் எல்லோர் கண்ணும் டோட்டல் கொலஸ்ட்ரால் மேல்தான் போகும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு), அப்புறம் டோட்டலில் எச்டிஎல்லை (நல்ல கொலஸ்ட்ரால்) கழித்தால் வரும் நான்-எச்டிஎல், இந்த மூன்றையும் பாருங்கள். எது ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து மாறும். அட்டோர்வாஸ்டாட்டின் முக்கியமாக எல்டிஎல்லுக்கு, ஃபீனோஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடுக்கு. அதனால் "அட்டோர்வாஸ்டாட்டின் நல்லதா, ஃபீனோஃபைப்ரேட் நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இன்னொரு விஷயம், பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, மற்ற எண்களை வைத்துக் கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கு சரியாக வராது. அப்போது நான்-எச்டிஎல்லைப் பாருங்கள், இல்லையென்றால் டைரக்ட் எல்டிஎல் எடுக்கச் சொல்லுங்கள்.

எல்டிஎல் ஏறியிருந்தால் முதல் மருந்து ஸ்டாட்டின்தான் (அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் இந்த வகை). கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது குறைக்கிறது, உடனே கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. 1987-ல் முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது, அதன் பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறைவது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. எல்டிஎல் சுமார் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லை 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கும், ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. ஏறக்குறைய 45 சதவீதம்.

டோஸை இரண்டு மடங்காக்கினால் பலனும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் மட்டுமே, பக்கவிளைவு வாய்ப்போ ஏறுகிறது. அதே ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் என்ற வேறு வகை மாத்திரை 10 மி.கி. சேர்த்தால், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவது குறைந்து, இருக்கும் எல்டிஎல்லில் இன்னும் 20 சதவீதம் போல இறங்கும். அதனால் டாக்டர் ஸ்டாட்டினை 40 மி.கி.யிலிருந்து 80 ஆக்கப் போகிறார் என்றால் "எசெட்டிமைப் சேர்க்கலாமா சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில், இந்தியர்களையும் சேர்த்துத்தான், வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அளவில் தங்குகிறது. அமெரிக்காவில் ஆசியர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

ட்ரைகிளிசரைடு கதை வேறு. மாத்திரைக்கு முன்னால் சர்க்கரை, தைராய்டு, மது, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து, மூன்று வேளைச் சோறு, இட்லி, இனிப்பு டீ எல்லாம் குறைந்தாலே 250-ல் இருப்பவருக்கு நன்றாக இறங்கும். ஃபீனோஃபைப்ரேட் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும், எண் அழகாகத் தெரியும். ஆனால் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2010-ன் அக்கார்ட் ஆய்வில் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை, அதே குடும்பத்து மருந்தான பெமாஃபைப்ரேட்டை வைத்து 2022-ல் வந்த ப்ராமினன்ட் ஆய்விலும் குறையவில்லை. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் அப்போது இந்த மருந்து அவசியமாகலாம், ஏனென்றால் அங்கே பயம் கணைய அழற்சி. நம் ஊரில் ரோசுவாஸ்டாட்டினும் ஃபீனோஃபைப்ரேட்டும் கலந்த ஒரே மாத்திரை சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. உங்கள் ட்ரைகிளிசரைடு 220 என்றால் அந்த இரண்டாவது மருந்து எதற்கு என்று கேளுங்கள், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) ஏறியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். அதே குடும்பத்து ஜெம்ஃபைப்ரோசிலை மட்டும் ஸ்டாட்டினோடு சேர்க்கக் கூடாது, தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கலாம்.

மீன் எண்ணெய் மாத்திரையா? 2018-ல் ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் காட்டியது ஐகோசாபென்ட் எத்தில் என்ற மருந்து, நாளுக்கு 4 கிராம். மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பைச் சுத்திகரித்துத் தயாரித்தது இது. கடையில் வாங்கும் சாதாரண 1000 மி.கி. காப்ஸ்யூலில் இபிஏ பெரும்பாலும் 180 மி.கி.தான், அதை வைத்து அந்த அளவை எட்ட முடியாது. நியாசின் (வைட்டமின் பி3) வேண்டவே வேண்டாம், ஸ்டாட்டினுக்கு மேல் அதனால் பலன் இல்லை.

பரம்பரையாக எல்டிஎல் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும், மாரடைப்பு வந்து மாத்திரையில் இலக்கை எட்டாதவர்களுக்கும் ஊசி இருக்கிறது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எவோலோகுமாப், அல்லது தொடக்க டோஸ்களுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்கிளிசிரான். எல்டிஎல்லைப் பாதியாக்கும், விலைதான் மிக அதிகம். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் உண்டு. அது யூரிக் அமிலத்தை ஏற்றும், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

தசை வலி பயத்தில் ஸ்டாட்டினை விடுபவர்கள் ஏராளம். முன்பே அப்படி விட்டவர்களை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையிலும் வந்தது. அதற்காக உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லி டோஸைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டின் மாற்றியோ பாருங்கள். கடும் பலவீனத்தோடு சிறுநீர் கருத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டாலும் டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பிராண்டை விடுங்கள், அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரும் மி.கி.யும் ஒன்றா என்று பாருங்கள், மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் எடுங்கள். எண் நார்மலாக வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.