மலை எப்படி எழுகிறது? மணலையும் மரப்பலகையையும் வைத்துச் செய்து பார்ப்போம்

தரைமேல் குவிந்த பெரிய மேடுதான் மலை என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் மலையின் பெரும்பங்கு தரைக்கு அடியில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க இரண்டு எளிய சோதனைகள் போதும்.

தேவையானவை: உள்ளே இருப்பது வெளியே தெரியும் நீளமான பிளாஸ்டிக் பெட்டி, அதன் அகலத்துக்கு வெட்டிய கெட்டி அட்டை, நன்றாகக் காய்ந்த மணல், கொஞ்சம் வண்ணப்பொடி, 2 செ.மீ. தடிமனில் ஒரே அளவான நான்கு அகலப் பலகைகள், ரப்பர் பேண்ட், ஒரு தொட்டித் தண்ணீர், ஸ்கேல்.

படி 1: அட்டையைப் பெட்டியின் ஒரு முனையில் நிறுத்துங்கள். மறுபக்கம் சாதா மணல், வண்ண மணல் என்று மாற்றி மாற்றி நான்கு அடுக்குகள் பரப்புங்கள். அழுத்த வேண்டாம். ஈர மணல் கட்டியாக நகர்ந்துவிடும், அதனால் காய்ந்ததுதான் வேண்டும்.

படி 2: அட்டையை மெல்ல, மிக மெல்லத் தள்ளுங்கள். அட்டையருகே மணல் புடைக்கும். பிறகு சாய்வாக ஒரு பிளவு விழுந்து, கீழ் அடுக்கு மேல் அடுக்கின்மீது ஏறி உட்காரும். இன்னும் தள்ளினால் அடுத்த பிளவு சற்றுத் தள்ளி முன்னால் விழும். இமயமலை இப்படித்தான் அடுக்கடுக்காக ஏறியது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு (பூமியின் மேற்பரப்பாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டுகளில் ஒன்று) ஆசியாவோடு மோதியது. இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வரை நெருங்குகிறது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதோ கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்!

அந்த அட்டையைத் தள்ளும் கை எது? அதற்குக் கவசத்தைப் பார்க்க வேண்டும்; பூமியின் வெளித்தோலான மேலோட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த அடுக்கு அது. மேலோட்டுக்குக் கீழே தீக்குழம்புக் கடல் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, கவசம் திடப் பாறை. ஆனால் அந்த வெப்பத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் போக்கில் அது மெதுவாக ஒழுகும். பழைய கடல்தளம் குளிர்ந்து கனத்து அதற்குள் அமிழும்போது, பின்னால் ஒட்டியிருக்கும் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. (தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் இப்படி அமிழும் தட்டின் ஓரத்தில் எழுந்தது. அங்கே எரிமலைகளும் சேர்ந்துகொண்டன.)

படி 3: மணல் பெட்டியில் ஒரு குறை உண்டு. அதன் அடித்தளம் அசையாது, அதனால் தடித்த மணல் முழுவதும் மேலேதான் போனது. பூமியின் அடித்தளம் இறங்கிக் கொடுக்கும். ஒரு பலகையைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பக்கத்தில் மூன்று பலகைகளை ரப்பர் பேண்டால் கட்டி மிதக்க விடுங்கள். (மூன்றுதான் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து அளக்கலாம்.) தடித்த கட்டு உயர்ந்து நிற்கும், ஒற்றைப் பலகையைவிட ஆழமாக இறங்கியும் இருக்கும். இதுவே மலையின் வேர்.

மேலோட்டின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.8 கிராம், கவசத்தின் அடர்த்தி 3.3 கிராம். கணக்குப் போட்டால் 1 கி.மீ. உயர்வைத் தாங்க ஏறத்தாழ 5.6 கி.மீ. வேர் தேவை. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 5 கி.மீ.; அப்படியானால் வேர் 28 கி.மீ. வழக்கமான கண்ட மேலோடு 35 முதல் 40 கி.மீ. மூன்றையும் கூட்டினால் 70 கி.மீ.யை ஒட்டி வரும். நிலநடுக்க அலைகளை வைத்து அங்கே அளந்த தடிமனும் ஏறத்தாழ அதுவே. இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் வியப்பு.

படி 4: மூன்று பலகைக் கட்டில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மேல்பலகையை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் மிதக்க விடுங்கள். 2 செ.மீ. எடுத்தும் உச்சி அவ்வளவு தாழவில்லை, பார்த்தீர்களா? மழையும் ஆறும் பனியாறும் மலையை அரிக்கும்போதும் இதே கதை: 1 கி.மீ. பாறை போனால் அடியிலிருந்து சுமார் 850 மீட்டர் மேலெழுந்து ஈடுகட்டும்.

இப்போது பென்சில் கோட்டைத் தேடுங்கள். தண்ணீருக்கு மேலே வந்திருக்கும். பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் பழைய மலைகளில் நம் காலடிக்கே வந்து கிடப்பது இவ்வாறுதான்.