பழைய வீட்டின் கீழ்த்தளத்தை அறையாக்க கான்ட்ராக்டர் பிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் மேட்டுச் சரிவில் கட்டிய வீடுகள் ஏராளம். பலவற்றில் வீட்டுக்கு அடியில் பாதி மண்ணுக்குள் புதைந்த ஓர் இடம் இருக்கும். பழைய சாமான்கள் அங்கே கிடக்கும். மகன் குடும்பத்துக்கோ வாடகைக்கோ அதை அறையாக்க நினைப்பவர்களுக்கு என் முதல் வார்த்தை: டைல்ஸ் பற்றிப் பேசும் கான்ட்ராக்டரைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பவரைத் தேடுங்கள்.

1. ஆளைக் கூப்பிடும் முன் சுவரைப் பாருங்கள்

இங்கே மழை பெய்வது பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூலையில் காய்ந்து கிடக்கும் சுவரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கனமழைக்கு மறுநாள் கீழே இறங்கி, மண்ணை ஒட்டிய சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பூச்சு தட்டினால் உதிர்ந்தாலோ ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலுள்ள ஈரம்தான். அதற்குக் காற்றோட்டம் போதும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்றும் பாருங்கள். சுவரோரமே கொட்டினால் முதலில் அதைத் திருப்புங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரக்கூடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட ஊர் இது; சரிவில் இறங்கும் தண்ணீரின் வேகத்தை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2. உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

மனிதர் வசிக்கும் அறைக்குக் கூரை உயரம் 2.4 மீட்டர் வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்கக் கட்டட விதி. ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உயரம் போதவில்லை என்றால், "கொஞ்சம் தோண்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டினால் மேலே நிற்கும் வீடே இறங்கும். பொறியியல் கவுன்சிலில் பதிவுசெய்த இன்ஜினியர் பார்த்து எழுத்தில் சொன்ன பிறகுதான் மண்வெட்டி இறங்க வேண்டும்.

3. அனுமதி

1977ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி, இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் தேவை. டர்பனின் மாநகராட்சிக்குப் பெயர் ஈதெக்வினி. ஒப்புதல் இல்லாத அறை, வீட்டை விற்கும்போதும் காப்பீடு கேட்கும்போதும் குறுக்கே நிற்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: 60 வயது தாண்டிய கட்டடத்தில் கைவைக்க, 1999ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம் தனி அனுமதி கேட்கிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதைத் தருவது அமாஃபா நிறுவனம். 1960களில் எழுந்த சாட்ஸ்வொர்த் வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டுகின்றன. அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடு கண்ணில் பட்டால் துளையிடவோ உடைக்கவோ விடாதீர்கள். அந்த வேலைக்கென்று பதிவுபெற்றவரைக் கூப்பிடுங்கள்.

4. மூன்று பேரைக் கூப்பிடுங்கள், அதே சுவரைக் காட்டுங்கள்

நீங்கள் கண்டதைச் சொல்லாமல் விட்டு, அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல கான்ட்ராக்டர் வெளியே போய் மண்மட்டத்தையும் வடிகாலையும் பார்ப்பார். சுவருக்கு வெளிப்புறம் தோண்டித் தார்ப்பூச்சு அடிப்பதா, துளைக்குழாயைச் ஜல்லிக்குள் புதைத்துத் தண்ணீரை விலக்குவதா, உள்ளே சிமென்ட் பூச்சு மட்டும் போதுமா என்று காரணத்தோடு பேசுவார். "பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும், அண்ணா" என்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு கேளுங்கள். தொழிலாளர் விபத்து இழப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டியதற்கான சான்றுக் கடிதம் இருக்கிறதா? மழைக்காலம் ஒன்றைக் கடந்த, அவர் முடித்த கீழ்த்தளம் எதையாவது காட்ட முடியுமா? அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள்.

5. கொட்டேஷனும் பணமும்

மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளை வாங்காதீர்கள். நீர்த்தடுப்பு, வடிகால், தரை, மின்சாரம் எனத் தனித்தனி விலை வேண்டும். 15 சதவீத வாட் சேர்ந்ததா என்றும் எழுதியிருக்க வேண்டும். விலை குறைந்தவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். பெரும்பாலும் வடிகாலாகத்தான் இருக்கும்.

முன்பணம் சிறிதாக இருக்கட்டும். பொருளை ஹார்ட்வேர் கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிறகு வேலை முடிந்த அளவுக்குத் தவணை. ஒரு பகுதியை அடுத்த பெருமழை வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டடத் தொழிலுக்கு விடுமுறை. நவம்பரில் பெரிய முன்பணம் கொடுத்தால் பணம் கைமாறியிருக்கும், வேலை நின்றிருக்கும்.

6. ஒப்படைப்பு

சுவரை மூடும் முன் நீர்த்தடுப்பையும் ஒயரிங்கையும் படம் எடுத்து வையுங்கள். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தரும் மின் இணக்கச் சான்றிதழும், மாநகராட்சி தரும் குடியிருப்புச் சான்றிதழும் கையில் வந்த பிறகு கட்டிலை உள்ளே கொண்டுபோங்கள்.